எரியும் படச்சுருளும் எரியாத வட்டும்: 'பெர்சோனா' குறித்து

சுவீடிய இயக்குநர் இங்மார் பெர்க்மனின் 'பெர்சோனா' (1966), தான் ஒரு திரைப்படம் என்பதைப் பார்வையாளரை மறக்கவிடாத படமாகும். இதற்கு அவர் முதலில் எண்ணியிருந்த பெயரும் திரைப்படக் கலையையே குறிக்கும் 'கினெமடோகிராஃபி' என்பதாம்.

மேடையில் நடிக்கையில் மௌனமாகிப் பின்னர்ப் பேச்சையே துறந்துவிட்ட நடிகை எலிசபெத், அவளைப் பேணவரும் செவிலி ஆல்மா ஆகிய இருவரிடையே நிகழ்வதே கதை. எனினும், படம் அவர்களிடமிருந்து தொடங்கவில்லை. படம்காட்டும் கருவியின் கரிக்கோல்கள் இரண்டு ஒளிர்வதிலிருந்து தொடங்கி, அவ்வொளி அவிவதில் முடிகிறது. இடையே, ஆல்மா வேண்டுமென்றே விட்டுவைத்த கண்ணாடிச் சில்லு எலிசபெத்தின் காலைக் கிழிக்கிறது. உடனே திரையிலுள்ள ஆல்மாவின் முகமும் கிழிபட்டு, பொத்தலாகி, எரிந்து போகிறது.

திரையரங்கில் அமர்ந்திருந்தவருக்கு அக்கணத்தில் மெய்யான ஓர் ஐயம் எழ இடமிருந்தது. தம் முதுகுக்குப் பின்னாலுள்ள அறையில் படச்சுருள் உண்மையிலேயே தீப்பற்றியதோ என அவர் திரும்பிப் பார்க்கலாம். வட்டில் எரிவதற்குச் சுருளே இல்லை. படத்தின் கூர்மையான தன்னுணர்வு, வீட்டுக்கு வந்ததும் வெறும் காட்சியாகச் சுருங்கிவிடுகிறது எனலாம்.

அவ்வாறாயின் வட்டு சேகரிப்போர் இதனை இவ்வளவு விரும்புவானேன்? முன்னுரைப் பகுதியில் இமைப்பொழுதே தோன்றும் ஆண்குறிக் காட்சியொன்று அமெரிக்க, பிரித்தானியப் பிரதிகளில் வெட்டப்பட்டது. 2004ஆம் ஆண்டின் எம்ஜிஎம் டிவிடியில் அது மீண்டும் இடம்பெற்றது. 2014இல் கிரைட்டீரியன் புளூ-ரே வந்தது. 2018இல் அந்நிறுவனம் 39 படங்கள் கொண்ட பெர்க்மன் பேழையையும் வெளியிட்டது. முழுமையை நாடும் இவ்வேட்கையைப் பொருட்பித்து எனத் தள்ளுவது முறையன்று. வெட்டுண்டது பலர் கைக்கு வந்ததில் சேகரிப்போரின் விடாப்பிடிக்கும் பங்குண்டு.

நமக்குள்ள தயக்கம் வேறு. சேகரிப்பவர் படத்தை நிறுத்த வல்லவர். இரு பெண்களின் பாதி முகங்கள் ஒன்றாக இணையும் புகழ்பெற்ற சட்டகத்தை அவர் நிறுத்திவைத்தால், ஒட்டுவேலை புலனாகும். ஓடும்போதோ, எவர் முகம் எனத் துணிய முடியாத அச்சமே மிஞ்சும். அவ்வச்சம் இன்றேல் 'பெர்சோனா' ஒரு புதிர்க்கட்டமே.

வட்டின் வழியாகவே இப்படத்தை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லும் ஆசிரியர்களுக்கு இது சிறு செய்தியன்று. சட்டகம் சட்டகமாக ஆராய்வதை இரண்டாம் முறைக்கு ஒதுக்கலாம். முதன்முறை, முன்னறிவிப்பின்றி, இடைநிறுத்தமின்றிக் காட்டுதல் வேண்டும். முகம் எரியும் நேரத்தில், வட்டில் கீறல் என்றெண்ணி மாணவர் ஒருவர் கருவியை நோக்கி எழுந்தால் அவரைத் தடுக்க வேண்டா.