முகம் தராத கார்ட்டூன்கள்

டாம் அண்ட் ஜெர்ரியின் முதல் படமான 'புஸ் கெட்ஸ் த பூட்' 1940-இல் வந்தது. அதில் பூனையை அதட்டி விரட்டும் கறுப்பினப் பணிப்பெண்ணுக்குத் தடித்த கால்களும் செருப்பும் துடைப்பமும் உண்டு, முகம் கிடையாது. நம் வீட்டுப் பிள்ளைகளும் தொலைக்காட்சியில் பார்த்துச் சிரித்த பாத்திரம்தான். அவரை மாமி டூ ஷூஸ் என்று அழைப்பார்கள்.

அமெரிக்கத் திரையரங்குகளில் பெரிய படத்துக்கு முன்னால் ஓடிய இந்த ஏழெட்டு நிமிடப் படங்களுக்குச் சிரிப்பு மூலதனம் கொடுத்தது, வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடிய மின்ஸ்ட்ரல் மேடை. வார்னர் நிறுவனத்தின் முதல் கார்ட்டூன் நாயகன் பாஸ்கோவை (1930) உருவாக்கியவர்கள் அவனைக் கறுப்பினச் சிறுவன் என்றே பதிவு செய்திருந்தார்கள். யூதரும் தப்பவில்லை. டிஸ்னியின் 'த்ரீ லிட்டில் பிக்ஸ்' (1933) படத்தில் ஓநாய் யூத வியாபாரி வேடத்தில் வரும். அந்தக் காட்சியைப் பின்னாளில் மாற்றி வரைந்தார்கள்.

சங்கடமான படம் வார்னர் இயக்குநர் பாப் கிளாம்பெட்டின் 'கோல் பிளாக் அண்ட் டி செபன் டுவார்ஃப்ஸ்' (1943). ஸ்னோ ஒயிட் கதையை ஜாஸ் தாளத்தில் கேலி செய்யும் இதன் வேகத்துக்கு ஈடான கார்ட்டூன்கள் குறைவு. குரல் தந்தவர்களில் கறுப்பினக் கலைஞர்களான விவியன் டான்ட்ரிஜும் அவர் தாயார் ரூபியும் உண்டு. ஆனால் திரையில் வருவதோ பெருத்த உதடுகளும் உருளும் கண்களும். கலைத்திறன் இருப்பதால் இழிவு குறைந்துவிடாது; இன்னும் ஆழமாகப் பதியும் என்பதே என் எண்ணம். 1968-இல் யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் நிறுவனம் இதையும் சேர்த்துப் பதினொரு படங்களைத் தொலைக்காட்சிக்குத் தராமல் நிறுத்தி வைத்தது.

மாமிக்கு நேர்ந்தது வேறு. 1960-களில் தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் அவரை நீக்கிவிட்டு ஒல்லியான வெள்ளைக்காரப் பெண்ணை வரைந்து சேர்த்தார்கள். குரல் ஜூன் ஃபோரே. பிறகு பழைய உருவம் திரும்பியபோது தீயா விடேல் புதிதாகப் பேசினார். இந்தத் திருத்தங்களில் அடிபட்டது முதல் குரல், லிலியன் ராண்டால்ஃபுடையது. வானொலியில் அவர் ஏற்ற பணிப்பெண் வேடத்தைக் கறுப்பின வாசகர்களுக்கான 'எபனி' இதழ் 1946-இல் கண்டித்தபோது, அதே இதழில் பதில் சொன்னவர் அவர். கறுப்பின நடிகைக்கு வேறு வேடம் கிடைக்காத காலம் அது என்பதை மறந்துவிட்டு அவரைக் குற்றம் சொல்வது எளிது.

வரையும் மேசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். டிஸ்னியில் முதல் கறுப்பின அனிமேட்டராக ஃபிளாய்ட் நார்மன் சேர்ந்தது 1956-இல்தான். அதற்குள் இந்த உருவங்களெல்லாம் வரைந்து முடிந்திருந்தன.

தடை எப்போதும் நியாயத்தின் பக்கம் நிற்பதில்லை. மெக்ஸிகோ எலி ஸ்பீடி கொன்சாலஸை 1999-இல் கார்ட்டூன் நெட்வொர்க் ஒதுக்கியபோது, திரும்பக் கேட்டுப் போராடியவர்களில் ஹிஸ்பானிய அமைப்பினரே முன்னால் நின்றார்கள். 2002-இல் எலி திரும்பியது.

பழைய படங்களை மாற்றாமல், அன்றும் தவறு, இன்றும் தவறு என்ற குறிப்போடு வெளியிடும் வழக்கத்தை வார்னர் பின்னர் கைக்கொண்டது. அழிப்பதைவிட இது நேர்மையானது. அந்தக் குறிப்புக்குக் கீழே, படத்தில் பெயரே போடப்படாத ராண்டால்ஃபின் பெயரையும் சேர்க்கட்டும்.