புகார் யார்மீது?

புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் ஒருவருக்கு ராத்திரியில் நெஞ்சு வலித்தால், எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று வீட்டில் ஒரு விவாதமே நடத்தலாம். அத்தனை இடம் இருக்கிறது. வடக்கே கோரிமேட்டில் ஜிப்மர். அதே பக்கம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை. வழுதாவூர் சாலையில் போனால் கதிர்காமம் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி. டவுனுக்குள் ஜி.எச். இது போகத் தனியார். 2011 கணக்கெடுப்பில் 12.48 லட்சம் பேர் இருந்த யூனியன் பிரதேசத்துக்கு இது கொடுப்பினைதான். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள் விடியற்காலை பஸ் பிடித்து வந்து ஓ.பி. சீட்டுக்கு நிற்பதும் அதனால்தான்.

எந்த வாசலில் நுழைந்தாலும் வைத்தியம் கிடைக்கும். அந்த வைத்தியத்தில் குறை என்று சொல்லப் போகும்போதுதான், எந்த வாசலில் நுழைந்தோம் என்பது முக்கியமாகிவிடுகிறது.

தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் ஒரே பட்டறையில் வேலை பார்க்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள், அதில் 0.75 சதவீதம் பிடித்தம், முதலாளி பங்கு 3.25. இன்னொருவர் காண்டிராக்ட் ஆள், பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்த்துக்கொள்கிறார். இருவருக்கும் ஒரே தவறு நேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சந்தா கட்டுகிற தொழிலாளி நுகர்வோரே என்று 2007-இல் கிஷோர் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டாமவருக்கு அந்தக் கதவு அடைப்பு. 1995-இல் வி.பி.சாந்தா வழக்கில் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்த அதே தீர்ப்பு, எல்லோருக்கும் இலவசமாக வைத்தியம் பார்க்கும் மருத்துவமனையை வெளியே நிறுத்தியது. பெயரளவுக்கு வாங்கும் பதிவுக் கட்டணம் கணக்கில் வராது என்றும் சொன்னது.

அந்தத் தீர்ப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. சிலரிடம் கட்டணம் வாங்கி மற்றவர்களுக்கு இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனை என்றால், இலவச நோயாளியும் சட்டத்துக்குள் வந்துவிடுவார். 2023-இல் சில பரிசோதனைகளுக்குக் கட்டணம் வாங்க ஜிப்மர் முடிவெடுத்தபோது புதுச்சேரியில் எதிர்ப்பு கிளம்பியது. ஏழைகள் வயிற்றில் அடிக்கலாமா என்ற கேள்வியிலேயே பேச்சு முடிந்தது. கேள்வி நியாயமானது. ஆனால் கட்டணம் வாங்கத் தொடங்குகிற நிறுவனம் பதில் சொல்லும் கடமையையும் சேர்த்தே ஏற்கிறது என்று வாதாட அங்கே இடம் இருந்தது. எதிர்த்தவர்கள் அதையும் கையில் எடுத்திருக்கலாம்.

இந்தப் புகார் முறையால் விளைந்த நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. டாக்டர் சொல்வதே வேதவாக்கு, கேஸ் ஷீட்டை நோயாளி கண்ணில் காட்டக்கூட மாட்டார்கள் என்று ஒரு காலம் இருந்தது. 2002-இல் வந்த மருத்துவக் கவுன்சில் நெறிமுறைகளின்படி, உள்நோயாளியின் பதிவேட்டை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பரிசோதனைக்குச் சம்மதித்த பெண்ணுக்குக் கருப்பையையே எடுத்துவிட்ட வழக்கில், ஒன்றுக்கு வாங்கிய ஒப்புதல் இன்னொன்றுக்குச் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. யாரோ ஒருவர் பொறுமையாகப் படியேறியதால் கிடைத்தவை இவை.

அதன் மறுபக்கத்தை டாக்டர்கள் தமக்குள் பேசிக்கொள்வார்கள். கேஸுக்குப் பயந்து ஒன்றுக்கு நாலு டெஸ்ட். ஒப்புதல் படிவம் என்பது ராத்திரி பதினோரு மணிக்கு, கை நடுங்கும் ஒரு மனைவியிடம் நீட்டப்படும் கத்தைக் காகிதம். நோயாளி கொஞ்சம் மோசமானதும், 'பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க' என்று சின்ன நர்சிங் ஹோம் கைகழுவிவிடுகிறது. அப்படிக் கைகழுவப்பட்டவர்கள் ஆம்புலன்ஸில் வந்து சேர்வது பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு. 'ஸ்ட்ரெச்சர்ல போட்டு மூணு மணி நேரமா யாரும் வந்து பார்க்கல' என்று அங்கே எழும் புகாரில் ஒரு பங்கு வேறெங்கோ யாரோ தட்டிக்கழித்த பொறுப்பு.

சரி, நீதிமன்றம் போகாத சாதாரணப் புகார் என்னவாகிறது? 2016-இல் மத்திய அரசு 'மேரா அஸ்பதால்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வைத்தியம் முடிந்து வீடு திரும்பியவருக்குக் குறுஞ்செய்தியோ தானியங்கி அழைப்போ வரும். திருப்தியா இல்லையா என்று கேட்கும். இல்லை என்றால் ஊழியர் நடத்தை, சுத்தம், செலவு, சிகிச்சைத் தரம் என்று காரணம் கேட்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் போன் பொத்தானை அழுத்திக் குறை சொல்லலாம் என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் அதில் 'ஊழியர் நடத்தை' என்று பதிவாவது எது என்று பார்க்க வேண்டும்.

ஒரு பொது வார்டு, ராத்திரி இரண்டு மணி. எந்த ஊர் அரசு மருத்துவமனை என்றாலும் பொருந்தும். நாற்பது படுக்கைக்கு ஒரு சிஸ்டர், கூட ஒரு பயிற்சி மாணவி. ஒருவருக்கு இரத்தம் ஏற்றத் தொடங்கியிருக்கிறார்கள். ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே வரும் என்பதால் முதல் 15 நிமிடம் சிஸ்டர் அந்தக் கட்டிலை விட்டு நகரக் கூடாது. கோடியில் இருக்கும் கட்டிலிலிருந்து ஓர் அம்மா எழுந்து வருகிறார். "சிஸ்டர், டிரிப் முடிஞ்சி ரத்தம் மேல ஏறுது." "இதோ வரேம்மா." இரண்டு நிமிடத்தில் மறுபடி வருகிறார். மூன்றாம் முறை வரும்போது, "ஒரு தடவ சொன்னா புரியாதா உனக்கு? போய் உக்காரு!" அந்த அம்மாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மகன் கையிலிருந்து குழாயில் இரத்தம் ஏறுகிறது, கூப்பிட்டால் எரிந்து விழுகிறார்கள். மறுநாள் புகார் போகிறது. சிஸ்டருக்கு மெமோ வருகிறது. விளக்கம் எழுதிக் கொடுக்கிறார். கோப்பு முடிகிறது.

அந்தக் கோப்பில் இல்லாதது ஓர் எண். கல்வி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனையில் ஐந்துக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் கவுன்சிலின் அளவுகோல். அன்று ராத்திரி அந்த வார்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று புகார் விசாரணை கேட்பதே இல்லை. கேட்டால் மெமோவை யாருக்கு அனுப்புவது என்ற சங்கடம் வரும். பணியிடத்தை நிரப்பாமல் வைத்திருப்பவர் அந்த வார்டிலும் இல்லை, பல சமயம் அந்த ஊரிலும் இல்லை.

இதை வைத்துக்கொண்டு எல்லாப் பழியையும் ஆள் பற்றாக்குறையின் தலையில் போடுவது ஊழியர் சங்கங்களின் வழக்கம். அதையும் ஏற்க முடியவில்லை. மடிப்புக் கலையாத சட்டையோடு வந்தவருக்கு 'சார், கொஞ்சம் வெயிட் பண்ணுங்க'. லுங்கியோடு வந்தவருக்கு 'யோவ், அங்க போய் நில்லு'. இரண்டும் அதே வாயிலிருந்து, அதே அவசரத்தில், ஐந்து நிமிட இடைவெளியில் வருகின்றன. அறுபது வயது கிராமத்துப் பெண்ணை இருபத்தைந்து வயது ஊழியர் ஒருமையில் கூப்பிடுவதற்கும் காலிப் பணியிடத்துக்கும் சம்பந்தமில்லை. பற்றாக்குறைதான் காரணம் என்றால் சட்டைக்காரருக்கும் அதே வசவு கிடைத்திருக்க வேண்டும். யார் திருப்பிக் கேட்பார், யார் கேட்க மாட்டார் என்று நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. நோயாளிகள் ஊசி வலியைக்கூட மறந்துவிடுகிறார்கள், இந்தப் பேச்சை மறப்பதில்லை.

இந்தப் பேச்சைப் புகார் திருத்தியதை நான் பார்த்ததில்லை. வேறு ஒன்று ஓரளவு திருத்தியிருக்கிறது. அரசுப் பிரசவ அறைகளில் வலியில் கத்தும் பெண்கள் வாங்கும் ஏச்சு ஊரறிந்தது. தமிழ்நாட்டில் 2004-இலேயே பிரசவத்தின்போது உறவுக்காரப் பெண் ஒருவர் கூட இருக்கலாம் என்று விதி வந்தது. அம்மாவோ அக்காவோ பக்கத்தில் நிற்கும்போது, வாய்க்கு வந்தபடி பேச எவருக்கும் கொஞ்சம் தயக்கம் வரும். புகாருக்குக் காத்திராமல் சாட்சியை உள்ளே விட்டது அந்த விதி.

மத்திய அரசு நிறுவனமான ஜிப்மரின் மீது குறை என்றால் மத்திய அரசின் குறைதீர் தளத்தில் பதியலாம். 21 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று 2024-இல் கெடு சுருக்கப்பட்டது. கெடு நல்லதுதான். ஆனால் அந்த முறையில் மனு தில்லிக்குப் போய், சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கே திரும்பி வரும். பதில் எழுதுவதும் அந்த நிறுவனமே. பெரிய விஷயம் என்றால் உயர் நீதிமன்றம்தான் கதி. அயோத்தி கோயில் குடமுழுக்கு நாளான 2024 ஜனவரி 22 அன்று பிற்பகல் 2.30 மணி வரை புறநோயாளிப் பிரிவு இயங்காது என்று ஜிப்மர் அறிவித்தபோது, அதை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமையில், அவசரமாக விசாரித்தது. அவசர சிகிச்சை பாதிக்கப்படாது என்ற உறுதியை ஏற்று வழக்கை முடித்தது. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருபவருக்கு மூடிய ஓ.பி. என்ன பொருள் என்பது 'அவசரம்' என்ற சொல்லுக்குள் அடங்கவில்லை.

2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், தாய்க்குத் தவறான சிகிச்சை என்று குற்றம் சாட்டிய மகன் புற்றுநோய் மருத்துவரைக் கத்தியால் குத்தினார். டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செய்ததில் தவறே இல்லை. கத்திக்கு எந்த நியாயமும் கிடையாது. அதற்குப் பின் பேசப்பட்டதில் பெரும்பகுதி போலீஸ், சோதனை, உள்ளே விடும் ஆட்களின் கணக்கு என்றே இருந்தது. வாசலில் காவலைக் கூட்டினால் கத்தி உள்ளே வராது, ஒப்புக்கொள்கிறேன். கீமோ கொடுத்தும் ஏன் உடம்பு தேறவில்லை என்று ஒரு குடும்பத்தை உட்காரவைத்து அரைமணி பேசுவது யாருடைய வேலை என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் அது யாருடைய வேலையும் இல்லை. நேரம் கிடைத்த டாக்டரின் நல்ல மனசு.

இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு மருத்துவமனை விவகாரம் இதற்கு நல்ல பாடம். தண்ணீர்கூடக் கிடைக்காமல் நோயாளிகள் கிடந்தார்கள் என்று குடும்பத்தார் வருடக்கணக்கில் எழுதினார்கள். ஆள் போதாது என்று செவிலியர்களும் சொல்லியிருந்தார்கள். இரண்டும் வெவ்வேறு மேசை இழுப்பறையில் கிடந்தன. நிர்வாகமோ செலவைக் குறைத்து அந்தஸ்து உயர்வு வாங்குவதில் முனைந்திருந்தது. 2013-இல் வந்த ராபர்ட் பிரான்சிஸ் விசாரணை அறிக்கை இரண்டையும் ஒன்றாக வைத்துப் படித்தது. தவறு நேர்ந்தால் நோயாளியிடம் மருத்துவமனை தானாகவே சொல்ல வேண்டும் என்பது அடுத்த வருடமே அங்கே சட்டமானது.

நம் ஊரில் அந்தச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு புகாருக்கும் எழுதும் பதிலில், அந்த ஷிப்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர்கள், எத்தனை பணியிடம் காலி என்ற மூன்று எண்ணைச் சேர்க்கச் சொன்னாலே போதும். ஏச்சு வேறு, ஆளில்லாமை வேறு என்று அப்போது பிரித்துப் பார்க்கலாம். மூன்று நோயாளிக்கு ஒருவர் இருந்தும் 'யோவ்' என்று கூப்பிட்டவருக்கு மெமோ போகட்டும். நாற்பதுக்கு ஒருவராக நின்றவர் விஷயத்தில் மெமோ மேலே போகட்டும்.

இதற்கு நிர்வாகம் சொல்லப்போகும் ஆட்சேபம் தெரிந்ததே: இப்படி எழுதிக் கொடுத்தால் நாளைக்குக் கோர்ட்டில் அதையே சாட்சியாகக் காட்டுவார்கள். காட்டுவார்கள்தான். அந்தப் பட்டறையின் காண்டிராக்ட் தொழிலாளிக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு இன்னும் அடைத்தே இருக்கும். ஆனால் அவர் வக்கீலைத் தேடிப் போகும்போது கையில் ஒரு காகிதமாவது இருக்கும். மெமோவுக்கு விளக்கம் எழுத உட்காரும் சிஸ்டரும் அதே காகிதத்தைத்தான் இணைப்பார்.