கோலமும் ஊசியும்

கைவினைப் பொருளொன்றை மதிப்பிடுவோர், அஃது எதனைக் காட்டுகின்றது என்று வினவுவதோடு, எவ்வாறு ஆக்கப்பட்டது என்றும் வினவுதல் வேண்டும். தைப்பொங்கலை நினைந்து மகளிர் தைக்கும் சிறு பூத்தையற் சீலைகளுக்கும் இது பொருந்தும்.

பொங்கற் பானை, கரும்பு, ஞாயிறு ஆகியவற்றைக் காபன் தாளால் துணியிற் படியெடுத்து, கோட்டின்மேல் வண்ணநூல் ஓட்டுவது எளிய வழி. ஆயின், தூரிகை எளிதிற் செய்யக்கூடியதையே ஊசி அங்கு வருந்திச் செய்கின்றது. நூலுக்கே உரிய சிறப்பு அதனால் வெளிப்படுவதில்லை.

கோமாரி முதலிய கிழக்குக் கரையூர்களிற் பொங்கலன்று முற்றத்தை மெழுகி, அரிசிமாவாற் கோலமிட்டு, அவ்விடத்தே அடுப்பு மூட்டுவர். புள்ளிக்கோலம் எண்ணிக்கையிற் பிறப்பது. ஒரு புள்ளி பிழைப்பின் கோலம் முழுவதும் பிழைக்கும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிவ்ற் சிரோமணி முதலானோர் 1970களில் கோலத்தின் அமைப்பைக் கணித இலக்கணமாகவே ஆராய்ந்தனர்.

துணியும் எண்ணிக்கையிற் பிறப்பதே. பாவும் ஊடையும் குறுக்கிடும் இடமெல்லாம் கண்ணுக்குப் புலனாகாத புள்ளிகள். ஆதலின், மருதமுனை முஸ்லிம் நெசவாளரின் கைத்தறித் துணி இந்துக்களின் பொங்கற் கோலத்துக்கு ஏற்ற முற்றமாகலாம். நீலகிரித் தோடர் மகளிர் வரைபடமின்றி, வெண்டுணியின் இழைகளை எண்ணியே செந்நூலாலும் கருநூலாலும் கோலம் தைப்பர். 2013இற் புவிசார் குறியீடு பெற்ற அவ்வேலைப்பாட்டின் அழகு எண்ணிக்கையின் அழகேயாம்.

எனினும் எல்லாக் கோலமும் ஒரே தையலுக்கு இசையா. புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கும் கோலத்துக்குப் புள்ளடித் தையல் பொருத்தமானது. புள்ளிகளைச் சுற்றி வளையும் சிக்குக்கோலத்தைப் புள்ளடியில் அமைப்பின் வளைவுகள் படிக்கட்டுகளாக உடையும். அதற்குச் சங்கிலித் தையலே தக்கது. ஒரு கண்ணியிலிருந்து மறுகண்ணி பிறந்து, தொடங்கிய புள்ளிக்கே நூல் மீளும்பொழுது கோலத்தின் இயல்பும் தையலின் இயல்பும் ஒன்றாகின்றன. இழையெண்ணிப் புள்ளிகளைக் குறித்துக்கொண்டால் வரைபடமும் வேண்டா.

மாலைக்குள் அழிந்து, எறும்புக்கு உணவாகும் கோலத்தை நூலில் நிலைநிறுத்துவது அதன் இயல்புக்கு மாறன்றோ எனச் சிலர் வினவலாம். தக்க வினாவே. முற்றமும் நாளைய விடியலும் உறுதியாக உள்ளவிடத்து, அழியும் கோலமே உயர்ந்தது. ஆனால் 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை கோமாரி உள்ளிட்ட கரையூர்களின் மனைகளையும் முற்றங்களையும் சிதைத்தது. இலங்கையில் உயிரிழப்பு மிகுந்த மாவட்டம் அம்பாறையே. முற்றம் இழந்தோர்க்கும், கடல்கடந்து மாடிக் குடியிருப்புகளில் வாழ்வோர்க்கும், மடித்துக் கையில் எடுத்துச் செல்லத்தக்க சாண் அளவுச் சீலை வெறும் சுவரணியன்று.

அச்சீலையிற் பானையின் படம் இருப்பின், பொங்கல் என்றொரு நாள் உண்டு என்பதைப் பிள்ளைகள் அறிவர். எண்ணித் தைத்த கோலம் இருப்பின், இழைகளை எண்ணிப் பார்த்து, மறு தையில் மாவெடுத்துத் தாமே இடவும் கற்பர். பின்னதே சிறந்த வேலைப்பாடு.