சில்லும் நகையும்: இரண்டாயிரம் ரூபாய்த் தாள் பற்றிய நகைத்துணுக்குகள்

2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லா என அறிவிக்கப்பட்டதை ஒட்டி, புதிய 2000 ரூபாய்த் தாளினுள் நுண்சில்லு ஒன்று உள்ளது என்னும் செய்தி நாடெங்கும் பரவிற்று. நிலத்தடியில் 120 மீட்டர் ஆழத்தில் புதைப்பினும் செயற்கைக்கோள் அதனைக் காட்டிக்கொடுக்கும் என்றனர். தொலைக்காட்சிகள் சிலவும் இதனை மெய்யென ஒளிபரப்பின. ரிசர்வ் வங்கி மறுத்தது. நகைத்துணுக்குகள் பெருகின.

தொல்காப்பியர் நகைக்குக் கூறும் நிலைக்களன்கள் நான்கனுள் பேதைமையும் மடனும் அடங்கும். பேதைமை அறிவின்மை, மடன், பிறர் கொளுத்தக் கொண்டதனை விடாது பற்றுதல் என்பர் உரையாசிரியர். நம்பியோரைப் பேதையர் என நகைத்த துணுக்குகள் மேம்போக்கானவை. இடங்காட்டிக் கருவி குறிப்பலையைப் பெறுவதே. தன் இருப்பிடத்தைப் பிறர்க்கு அறிவிக்க அதற்கு மின்னாற்றல் வேண்டும். அக்குறிப்பலையோ கட்டடத்தினுள்ளேயே நலிவுறும். இதனை அறியாமை பெருங்குற்றமன்று. மறுப்பு வந்த பின்னும் விடாது பற்றிய மடனே ஆராயத்தக்கது. வங்கி வாயிலில் நெடுநேரம் வரிசையில் நின்றோர்க்கு, பதுக்கியோர் அகப்படுவர் என்னும் ஆறுதலை அச்சில்லு அளித்தது. அதனைக் கைவிடல் எளிதன்று. (தாளின் பின்புறம் மங்கள்யான் இடம்பெற்றமையும் இக்கற்பனைக்குத் துணைநின்றது போலும்.)

சில்லு உண்டென ஒப்புக்கொண்டு, அத்தாள் இன்னும் என்னவெல்லாம் செய்யும் என மிகைப்படுத்திய துணுக்குகளே எள்ளலின் திறம் உடையன. அவை நம்பியோரை விடுத்துச் செய்தியையே நகைப்பொருளாக்கின. 2023 மே 19 அன்று ரிசர்வ் வங்கி அத்தாளைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தபோது சில்லு மீண்டும் பேசப்பட்டது. அப்போது எள்ளலுக்கு இலக்கானோர் அதனை ஒளிபரப்பியோரே.