இசையும் இனவாதமும்: ஒரு நோக்கு

இசைக்கு இனமில்லை, மொழியில்லை என்பது தமிழரிடையே பெரிதும் வழங்கும் கூற்றுக்களில் ஒன்று. கலைவிழா மேடைகளிலே அடிக்கடி எடுத்தாளப்படும் இக்கூற்று, வரலாற்றின் முன் நிறுத்திச் சோதிக்கப்படவேண்டியதாகும்.

அதற்குக் கொம்பனித்தெரு பொருத்தமான களம். ஒல்லாந்தர் காலத்தில் ஆபிரிக்க அடிமைகள் அடைத்துவைக்கப்பட்ட இப்பகுதியிலே பின்னர் மலாயரும் சோனகரும் தமிழரும் சிங்களவரும் அயலவராக வாழ்ந்தனர். போர்த்துக்கேய, ஆபிரிக்கக் கூறுகள் கலந்து உருவான பைலா இத்தகைய கலப்பின் இசைவடிவமே. ஆயினும், 1965இல் இங்கு திறக்கப்பட்ட, தமிழ்க் குடும்பமொன்றுக்குரிய றியோ திரையரங்கு 1983 யூலையில் எரியூட்டப்பட்டது. ஒரே மண்டபத்திலிருந்து ஒரே பாடலைச் சுவைத்தமை அம்மண்டபத்தைக் காக்கவில்லை. சுவையின் பொதுமை வேறு, அரசியலின் பொதுமை வேறு என்பது இதனாற் புலனாகும்.

அதே 1983இல் பிரித்தானியாவிலே தேசிய முன்னணி என்ற தீவிர வலதுசாரிக் கட்சி, ஸ்குறூட்றைவர் என்னும் றொக் குழுவின் வெள்ளை இனமேன்மைப் பாடலை இசைத்தட்டாக வெளியிட்டது. அக்குழுவைச் சூழ்ந்து நின்றோர் ஸ்கின்ஹெட் எனப்பட்ட இளைஞர். 1960களின் பிற்பகுதியில் தொழிலாளர் குடியிருப்புகளில் தோன்றிய அவ்விளைஞர் பண்பாடு, யமெய்க்காவிலிருந்து குடியேறிய கறுப்பினத்தவரின் இசையோடு சேர்ந்தே பிறந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. கறுப்பரின் தாளத்துக்கு ஆடிய கூட்டத்தின் ஒரு பகுதியே பின்னர் கறுப்பருக்கெதிராகத் திரண்டது. மறுபுறத்தில், 1976இல் தோன்றிய இனவாதத்துக்கெதிரான றொக் இயக்கம் அதே இசையைக்கொண்டே எதிரணியைத் திரட்டியது. எனவே இசை தானாக எப்பக்கமும் சார்வதில்லை. அதனைச் சூழ்ந்து அமையும் கூட்டுறவே பக்கத்தைத் தீர்மானிக்கின்றது எனலாம்.

தீவிரவாத இயக்கங்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தன. தனித்துத் தவிக்கும் இளைஞனுக்கு அவை முதலிற் கொடுத்தது, சேர்ந்து நிற்பதற்கு ஓரிடம். உடையும் கூட்டுக்குரலும் உறவை உண்டாக்கின. கொள்கை பின்னரே வந்தது. 1999இல் ஐக்கிய அமெரிக்காவின் நவநாசி அமைப்பான தேசியக் கூட்டணி, இனவாத இசைத்தட்டு நிறுவனமொன்றை விலைக்கு வாங்கியதன் நோக்கம் ஆட்சேர்ப்பும் வருவாயுமே. இதன் விளைவு பாட்டோடு நிற்கவில்லை. 2012 ஓகஸ்ற் 5இல் விஸ்கொன்சின் மாநிலத்துச் சீக்கியர் கோயிலிலே அறுவரைச் சுட்டுக்கொன்றவன், இத்தகைய குழுக்களில் வாசித்தவன்.

இசைத்தட்டும் ஒலிநாடாவும் செய்த இணைப்புப் பணியை இன்று இணையம் விரைவாகச் செய்கின்றது. 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம்களுக்கெதிரான வன்முறை மூண்டபோது அரசு முகநூல் முதலிய தளங்களைச் சில நாள்கள் தடைசெய்தது. தன் தளம் அவ்வன்முறைக்குத் துணைபோனமைக்காக அந்நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கோரியது. கருவி மாறினும், ஒத்த உணர்ச்சியுடையோரை ஒரு வட்டத்துள் அடைத்துப் புறத்தாரைப் பகைவராகக் காட்டும் முறை மாறவில்லை.

பிறரது இசையைக் குறைகூறுதல் எளிது. தமிழ் விமரிசகனுக்குரிய சோதனை அவன் வீட்டிலேயே உள்ளது. விடுதலைப் புலிகளின் ஒலிநாடாக்களும், 1990இல் தொடங்கிய புலிகளின் குரல் வானொலியும் புதுவை இரத்தினதுரை முதலானோரின் பாடல்களை மக்களிடம் கொண்டுசென்றன. ஒடுக்கப்பட்டோரின் துயரம் அவற்றில் மெய்யாகவே ஒலித்தது. ஆதலின் அவற்றை வெள்ளை இனவாதப் பாடல்களோடு சமப்படுத்துதல் தவறாகும். எனினும், அதே 1990 ஒக்ரோபரில் வடபுல முஸ்லிம்கள் புலிகளாற் பிறந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மண்ணைப் போற்றிய பாடல்கள், அம்மண்ணில் தலைமுறைகளாக வாழ்ந்து தமிழே பேசிய அம்மக்களை எங்கு வைத்தன? மெட்டின் இனிமையையும் சொல்லின் வீச்சையும் மட்டுமே பேசும் விமரிசனம் இவ்வினாவை எழுப்ப மாட்டாது. துயரம் உண்மையானது என்பதால், அதனைப் பாடியோர் பிறருக்கு இழைத்தது இல்லையென்றாகிவிடாது.

எனவே ஒரு பாடலை மதிப்பிடுகையில், அதனை யார் பரப்பினர், எக்கூட்டத்தில் அது பாடப்பட்டது, கேட்டவரை எதற்கு ஆயத்தப்படுத்தியது என்பனவும் ஆராயப்படவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'நாம்' என்று பாடும்போது அச்சொல்லுக்குள் அயலவனும் அடங்குகின்றானா என்பதே விமரிசகன் முதலிற் கேட்கவேண்டிய வினாவாகும்.