எத்தனை மில்லிகிராம் வெள்ளி?

ஓட்டுப் போட்டவர் விரலில் வைக்கும் அழியா மை மைசூரில் தயாராகிறது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1937இல் தொடங்கிய ஆலைதான் இன்றைய மைசூர் பெயின்ட்ஸ் அண்டு வார்னிஷ். 1962 பொதுத் தேர்தலிலிருந்து அந்த மை அங்கிருந்து வருகிறது. அதன் உயிர் வெள்ளி நைட்ரேட். தோலின் உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டுக் கறுத்து, வாரக்கணக்கில் போகாது. யார் தயாரிக்கிறார், யார் வாங்குகிறார், யார் விரலில் எப்போது வைக்கிறார் என்று அந்த வெள்ளிக்கு முழுக் கணக்கு உண்டு. அதே ஊரில் தேவராஜ அர்ஸ் சாலைக் கடையில் 'நானோ சில்வர்' என்று போட்ட சாக்ஸ் வாங்கினால், அதில் வெள்ளி எத்தனை மில்லிகிராம் என்று சொல்ல ஆள் கிடையாது. சொல்ல வேண்டும் என்று சட்டமும் கிடையாது. கிருமிக்கொல்லி நானோப் பொருள்கள் மீது எனக்குள்ள முதல் புகார் இதுதான்.

வெள்ளியின் மீது புகார் இல்லை. 1 கிராம் வெள்ளியைக் கனசதுரமாக வார்த்தால் அதன் மேற்பரப்பு ஒன்றேகால் சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் உருண்டைகளாக்கினால் ஏறக்குறைய 57 சதுர மீட்டர்; ஒரு சிறிய ஃபிளாட்டின் தரையளவு. வெள்ளி அயனி கசிவது மேற்பரப்பிலிருந்துதான்; கிருமியின் புரதத்தைப் பிடித்து முடக்குவதும் பெரும்பாலும் அந்த அயனியே. ஆக, கொஞ்சம் வெள்ளியில் நிறைய வேலை நடக்கும். மானசகங்கோத்திரியிலுள்ள மைசூர்ப் பல்கலைக்கழக ஆய்வகங்கள் இலைச்சாறு, பூஞ்சை ஆகியவற்றைக் கொண்டே இந்தத் துகளைத் தயாரித்துக் கட்டுரைகள் எழுதியிருக்கின்றன. பெட்ரி தட்டில் துகளைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் விழுகிறது. அந்த வட்டம் நிஜம்.

நம் நாட்டில் அது நன்றாகப் பயன்பட்டது குடிநீரில். சென்னை ஐஐடியின் டி. பிரதீப் குழு உருவாக்கிய நானோ வெள்ளி வடிகட்டி பூச்சிமருந்து எச்சத்தை நீக்கக் கடைக்கு வந்தது. 2009 டிசம்பரில் வந்த டாட்டா ஸ்வச்சில், நெல் உமிச் சாம்பலில் நானோ வெள்ளியை ஏற்றியிருந்தார்கள்; கரண்ட் வேண்டாம், குழாய் அழுத்தம் வேண்டாம், விலையும் ஆயிரம் ரூபாய்க்குள். கிருமி உண்மையாகவே இருக்கும் இடம் தண்ணீர். வெள்ளி அதைத் தொட அவகாசமும் கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐஎஸ் 10500 தரநிர்ணயம் குடிநீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வெள்ளிக்கு மேல் கூடாது என்கிறது. அந்த எண் துகளையும் அயனியையும் பிரித்துப் பார்ப்பதில்லை என்பது குறைதான். ஆனாலும் ஒரு எண் இருக்கிறது. தீப்புண்ணுக்குப் போடும் வெள்ளிக் கட்டுகளையும் இந்தப் பக்கத்திலேயே சேர்ப்பேன்.

இதே நம்பகத்தைச் சாக்ஸ், பனியன், ஃப்ரிட்ஜ் கதவு, சுவர் பெயின்ட் என்று எல்லாவற்றுக்கும் இரவல் வாங்கும்போதுதான் கோணல் தொடங்குகிறது. '99.9% கிருமிகள் அழியும்' என்ற வரி எங்கிருந்து வருகிறது? பிளாஸ்டிக் போன்ற பரப்புகளுக்கு ஐஎஸ்ஓ 22196 என்றொரு சோதனை உண்டு. 5 சென்டிமீட்டர் சதுரத் துண்டின் மேல் 0.4 மில்லி கிருமி நீரைச் சொட்டுகிறார்கள். அது உலராதபடி மெல்லிய படலத்தால் மூடி, 35 டிகிரி வெப்பத்தில், 90 சதவீதத்துக்குக் குறையாத ஈரப்பதத்தில் 24 மணி நேரம் வைக்கிறார்கள். பிறகு உயிரோடிருக்கும் கிருமியை எண்ணுகிறார்கள். எந்த வீட்டு ஸ்விட்சும் ஒரு நாள் முழுக்க இப்படி நனைந்து மூடிக் கிடப்பதில்லை. மைசூரின் மாசி மாதக் காற்றில் ஒரு சொட்டு சில நிமிடத்தில் காய்ந்துவிடும். ஈரமில்லாமல் அயனி நகராது. வியர்வையின் உப்பும் அழுக்கின் புரதமும் அயனியைப் பாதி வழியிலேயே பிடித்துக்கொள்ளும். இன்னொன்று: பத்து லட்சத்தில் 99.9 சதவீதம் போனாலும் ஆயிரம் மிச்சம். பாக்கெட்டில் எழுதியது பொய் இல்லை. எந்த நிலைமையில் என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். 2020இல் கொரோனா பயத்தில் சட்டை, பெயின்ட், மெத்தை எல்லாம் வைரஸைக் கொல்லும் என்று விளம்பரம் வந்தது நினைவிருக்கும்.

துவைத்தால் என்ன ஆகிறது? அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பென்னும் வெஸ்டர்ஹாஃபும் 2008இல் கடையில் விற்ற வெள்ளி சாக்ஸ்களை அலசிப் பார்த்தார்கள். சில வகைகள் நான்கே அலசலில் ஏறக்குறைய எல்லா வெள்ளியையும் விட்டுவிட்டன. வேறு சில மிகக் குறைவாகவே விட்டன. வாங்குகிறவருக்கு எது எந்த வகை என்று தெரியாது.

இந்த வெள்ளி சாக்கடையில் இறங்குகிறது. அங்கே கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடாக மாறி, பெரும்பாலும் கசட்டில் தங்கிவிடும். நச்சுத்தன்மையும் வெகுவாகக் குறையும். பயமுறுத்தும் கட்டுரைகள் இதைச் சொல்வதில்லை. ஆனால் இந்த ஆறுதல் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வரும் நீருக்குத்தான். மைசூர் இரண்டு ஆறுகளுக்கு நடுவேயுள்ள மேட்டில் இருக்கிறது. ஒரு பக்கத்து நீர் காவிரிக்கும் மறுபக்கத்து நீர் கபினிக்கும் போகிறது. இரண்டும் திருமகூடலு நரசிபுரத்தில் கூடி மேட்டூருக்கு வருகின்றன. எனவே வித்யாரண்யபுரத்திலும் கேசரேயிலும் உள்ள நிலையங்கள் எப்படி ஓடுகின்றன என்பது நமக்கும் சம்பந்தமுள்ள விஷயம்.

கிருமிகள் பழகிக்கொள்ளும் என்பதும் வெறும் ஊகமில்லை. 1975இல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைத் தீக்காய வார்டில், வெள்ளி நைட்ரேட்டுக்கு மசியாத சால்மோனெல்லா நோயாளிகளைக் கொன்றது. தீப்புண்ணுக்குத் தேவைப்படும் மருந்தை சாக்ஸ் நாற்றத்துக்குச் செலவழிப்பதா என்ற கேள்வி அதிலிருந்து எழுகிறது.

ஒழுங்குமுறை எப்படி இருக்கலாம் என்பதற்கு அமெரிக்க வழக்கு ஒன்று. ஒரு சுவிஸ் நிறுவனத்தின் நானோ வெள்ளித் துணிப்பூச்சுக்கு அங்குள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2011இல் நிபந்தனை அனுமதி தந்தது. துணியைச் சப்பும் சிறு குழந்தைக்கான பாதுகாப்பு இடைவெளி 1000 மடங்கோ அதற்குக் குறைவோ இருந்தால் கவலைக்குரியது என்பது முகமையே வகுத்த விதி. கணக்கு சரியாக 1000 என்று வந்தது. முகமை கண்டுகொள்ளவில்லை, 2013இல் நீதிமன்றம் கண்டுகொண்டு அனுமதியின் அந்தப் பகுதியை ரத்து செய்தது. வேறொரு நானோ வெள்ளிப் பொருளுக்குத் தந்த அனுமதியும் 2017இல் நீதிமன்றத்தில் விழுந்தது. பழைய வெள்ளியின் இடத்தில் நானோ வந்தால் மொத்த வெள்ளி குறையும் என்ற வாதத்துக்கு ஆதாரம் இல்லை என்றார்கள் நீதிபதிகள். எனக்கு இதில் பிடித்தது தடை இல்லை. வழக்காட ஒரு விதியும் ஒரு எண்ணும் இருந்தன.

ஐரோப்பாவில், கிருமிக்கொல்லி பூசிய பொருளை அப்படிச் சொல்லி விற்றால், அதிலுள்ள நானோப் பொருளின் பெயரை எழுதிப் பக்கத்தில் 'நானோ' என்றும் போட வேண்டும். இறக்குமதிச் சரக்குக்கும் இதே விதி. ஆக, திருப்பூரில் ஒரே தொட்டியில் நனைந்த இரண்டு பனியன்களில், கப்பல் ஏறுவதற்கு ஒரு லேபிள், மைசூருக்கு லாரி ஏறுவதற்கு வேறொன்று. இந்தியாவில் நானோ மருந்துகளுக்கு 2019இலும், வேளாண் இடுபொருள், உணவு ஆகியவற்றுக்கு 2020இலும் உயிர்த்தொழில்நுட்பத் துறை வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. துணியும் பெயின்ட்டும் அவற்றில் அடங்கவில்லை. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் சாக்ஸை நினைத்து எழுதியதில்லை. மிஞ்சுவது நுகர்வோர் சட்டத்தின் பொய் விளம்பரப் பிரிவு. அங்கே நிரூபிக்கும் சுமை நடைமுறையில் புகார் கொடுப்பவர் தலையில்தான் விழுகிறது.

எல்லாவற்றையும் தடை செய் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உமிச் சாம்பல் வடிகட்டியும் அதோடு போய்விடும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016இல் டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருள்களைக் கைகழுவும் சோப்புகளிலிருந்து நீக்கியபோது ஒரே கேள்விதான் கேட்டது: சாதாரண சோப்பும் தண்ணீரும் செய்வதைவிட இது என்ன அதிகம் செய்கிறது? வெள்ளி சாக்ஸுக்கும் அதையே கேட்கலாம். துவைத்து வெயிலில் உலர்த்திய பருத்தி சாக்ஸோடு ஒப்பிட்டு, இருபது துவைப்புக்குப் பிறகு என்ன வித்தியாசம் என்று பாக்கெட்டில் அச்சடிக்கட்டும். அப்படி அச்சடித்த பாக்கெட் எதுவும் இதுவரை என் கண்ணில் படவில்லை.