ஹை-ரெஸ் சங்கீதத்தைக் கேட்கும் வகை

ஒலிப்பதிவின் தரத்தை எண்ணால் அளந்து பேசும் வழக்கம், 1982-இல் காம்பாக்ட் டிஸ்க் கடைக்கு வந்த நாள்முதல் வேரூன்றியது. வினாடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரி ஒன்றுக்கு 16 பிட் என்று அன்று வகுத்த கணக்கே மனிதச் செவி எட்டக்கூடிய 20,000 ஹெர்ட்ஸ் எல்லையைத் தாண்டிச் சற்று இடம் விட்டிருந்ததாயினும், பின்வந்தவர்கள் அதில் திருப்தியடையாமல் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், 192 கிலோஹெர்ட்ஸ் என்று கூட்டிக்கொண்டே போனார்கள்; ஹை-ரெஸ் என்பது இதைத்தான். 1999-இல் வந்த சூப்பர் ஆடியோ சி.டி.யும் அதன் போட்டியாளனான டி.வி.டி. ஆடியோவும் பொதுஜனங்களின் வீடுகளில் இடம் பிடிக்கவில்லை; 2014-இல் ஆரவாரத்தோடு புறப்பட்ட எம்.க்யூ.ஏ. என்ற ஒலிச் சுருக்க முறையின் நிறுவனம் 2023-இல் நொடித்துப்போயிற்று. இதற்கிடையே, 2021-இல் ஆப்பிள் நிறுவனம் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பிரதிகளைக் கூடுதல் கட்டணமின்றியே தரத் தொடங்கிவிட்டதால், எண்களின் பந்தயம் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்பதே என் அபிப்பிராயம்.

இனிக் கேட்பவருடைய முறை. ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1959-இல் நியூயார்க்கில், முன்பு தேவாலயமாக இருந்த கொலம்பியா கம்பெனியின் 30-ஆம் தெரு ஸ்டூடியோவில், மூன்று தடங்கள் கொண்ட டேப்பில் பதிவானது அது. முதல் உருப்படியான 'ஸோ வாட்'டில், டேவிஸின் ட்ரம்பெட் தனித்து வாசிக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில், ட்ரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் தம் சிம்பலில் ஓர் அடி அடிக்கிறார். அந்த நாதம் ட்ரம்பெட்டின் முதல் ஸ்வரங்களுக்கு அடியில் எவ்வளவு நேரம் நின்று, எவ்வாறு கரைகிறது, கரையும் தறுவாயிலும் உலோகத்தின் ரீங்காரமாகவே ஒலிக்கிறதா, அல்லது தகரத்தில் மணல் கொட்டினாற்போல வெறும் இரைச்சலாகிவிடுகிறதா என்று கவனியுங்கள். கூடவே சன்னமாக ஓடும் டேப்பின் இரைச்சலும் காதில் படும். 16 பிட்டில் அடங்கும் 96 டெசிபல் விஸ்தாரத்தை அக்காலத்து டேப் நிரப்பியதே இல்லையாதலால், 24 பிட் இங்கே அந்த இரைச்சலைத்தான் பின்னும் பக்தியோடு பாதுகாக்கிறது!

இதே இசைத்தட்டில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் பதிவான அன்று, பிரதான டேப் யந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், அவை உண்மையான சுருதிக்குச் சிறிது மேலாகவே முப்பது வருஷங்களுக்கு மேல் உலகமெங்கும் ஒலித்துவந்தன. பக்கத்தில் சரியான வேகத்தில் ஓடிய மற்றொரு யந்திரத்தின் டேப்பை 1990-களில் தேடியெடுத்துப் பயன்படுத்திய பிறகே அந்தக் குறை நீங்கியது. பிட்டுகளை எவ்வளவு கூட்டியிருந்தாலும் அது நீங்கியிராது.

இரண்டு பிரதிகளை ஒப்பிடும்போது சப்த அளவைச் சமமாக்கிக்கொள்வது அவசியம். ஒரு டெசிபலுக்கும் குறைவாக உரத்திருப்பதைக்கூட நம் செவி 'தெளிவு' என்று நம்பி ஏமாறும். மேயர், மோரன் என்ற இருவர் 2007-இல் வெளியிட்ட சோதனையில், ஹை-ரெஸ் தட்டுகளின் ஒலியை இடையிலே சாதாரண சி.டி. தரத்துக்கு இறக்கியும், கேட்டவர்களால் பேதம் கண்டுபிடிக்க முடியவில்லை. பல பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த 2016-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, மிகச் சொற்பமான பேதம் புலப்படுவதாகச் சொல்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது, மேயரும் மோரனும் போகிறபோக்கில் குறித்த வேறொரு சங்கதி: அந்தத் தட்டுகளில் பல வழக்கமான சி.டி.க்களைவிட நன்றாகவே ஒலித்தன, காரணம் அவற்றை மாஸ்டரிங் செய்தவர்கள், அதாவது வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் செப்பம் செய்தவர்கள், எடுத்துக்கொண்ட சிரத்தை.

ப்ளூடூத் ஹெட்போனில் இந்த ஆராய்ச்சியை நடத்த வேண்டாம். அது பெரும்பாலும் ஒலியை மறுபடி சுருக்கித்தான் அனுப்புகிறது. கம்பியுள்ள ஹெட்போன் ஒன்று போதும். அதை மாட்டிக்கொண்டு, ஒரே ஆல்பத்தின் பழைய மாஸ்டரையும் புதிய மாஸ்டரையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். புதியதில் மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒரே மட்டத்தில் நசுங்கிக் கிடந்தால், உறையில் 192 என்று பொறித்திருந்தாலும் பழைய சி.டி.யையே வைத்துக்கொள்ளலாம். வருங்காலத்தில் கம்பெனிகள் அந்த எண்ணுக்குப் பக்கத்தில், எந்த டேப்பிலிருந்து, எந்த ஆண்டில், யார் மாஸ்டரிங் செய்தது என்பதையும் அச்சிட்டால் நல்லது. நான் விலை கொடுப்பது அந்த வரிக்குத்தான்.